நெஞ்சில் பட்ட பந்து

ஊரில் அவரைத் "தீர்ப்பு" என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது மாதம் ஒருமுறை சம்பளச் சீட்டில் தலைகாட்டிவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான்.

வார நாட்களில் அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். சனிக்கிழமை மதியம் கால்பந்து நடுவர். மாதத்தில் ஒரு ஞாயிறு கிறிஸ்தவ சபையில் செய்தி, அதாவது பிரசங்கம், கொடுப்பவர். செய்தியை எங்கே ஆரம்பித்தாலும் நியாயத்தீர்ப்பு நாளில்தான் கொண்டுபோய் முடிப்பார். அன்பைப் பற்றிப் பேசச் சொன்னால், அன்பில்லாதவர்களுக்கு அந்த நாளில் என்ன ஆகும் என்று பேசுவார். ஒரு கல்யாணத்தில் வாழ்த்துரை சொல்லக் கூப்பிட்டார்கள், மணப்பெண் அழுதே விட்டாள். மாப்பிள்ளையும் கொஞ்சம் யோசித்த மாதிரிதான் தெரிந்தது.

லிஃப்ட் வேலையிலும் இதே கதைதான். ஒருமுறை எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோய், உள்ளே நான்கு பேர் மாட்டிக்கொண்டார்கள். இவர் கதவு இடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, பத்து நிமிஷத்துல திறந்துடுவேன். ஆனா ஒரு கதவு இருக்கு. அது ஒரு தடவை மூடுச்சுன்னா என்னால இல்ல, எவனாலயும் திறக்க முடியாது. அதுக்கு ரெடியா இருக்கீங்களா?" என்று கேட்டார். உள்ளே இருந்த அம்மாள் ஒருத்தி மயங்கி விழுந்தாள். மறுநாள் மேலாளர் கூப்பிட்டு, "ஐயா, ஆளுங்களைக் கீழ் மாடிக்குக் கொண்டு வந்தா போதும். மேல அனுப்புற கான்ட்ராக்ட் நம்ம கம்பெனி எடுக்கல" என்றார்.

மனிதர் கெட்டவர் இல்லை. சொன்னதை நம்பிச் சொன்னவர். கை சுத்தம், வாய் சுத்தம். நடுவராக இருந்த இத்தனை வருடத்தில் எந்த அணியிடமும் ஒரு குளிர்பானம் கூட வாங்கிக் குடித்ததில்லை. இடைவேளையில் குடிக்கிற தண்ணீரையே வீட்டிலிருந்து கொண்டு போவார். அவருடைய ஒரே பலவீனம், விசில் அடித்துவிட்டால் அடித்ததுதான். "மேல இருக்கிறவர் தீர்ப்பை மாத்துறாரா? அப்புறம் நான் மட்டும் எதுக்கு மாத்தணும்?" என்பார். கேட்கிறவர்களுக்குப் பதில் இருக்கும். ஆனால் சிவப்பு அட்டை அவர் பையில் அல்லவா இருக்கிறது?

அவருடைய மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. நாள் முழுக்க வலியோடு வருகிறவர்களிடம் பேசிப் பழகியதாலோ என்னவோ, அந்த அம்மாவுக்கு ஒரு பொறுமை உண்டு. ஆனால் அவளுடைய தம்பி அதற்கு நேர் எதிர். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை. சலவைக்கூடத்துக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளரும் அவன்தான். கோட்டுக்கு வெளியே நின்று அவன் போடுகிற சத்தத்தில், மைதானத்துக்கு அந்தப் பக்கம் பஸ் ஏறப் போகிறவன் கூடத் திரும்பிப் பார்ப்பான். அக்காள் கணவர் நடுவராக வந்தால் கேட்கவே வேண்டாம். "அத்தான்! தூக்கமா அத்தான்?" என்பான்.

இப்படித்தான் அந்த வருடம் சலவைக்கூட அணி எப்படியோ இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது. எதிரே பஸ் பணிமனை அணி. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. மைதானம் முழுக்கச் சேறு. பணிமனைக்காரர்கள் கறுப்புச் சட்டை, அவர்களுக்குக் கவலை இல்லை. சலவைக்கூடத்தார் வெள்ளை. துவைப்பதற்குச் சோப்பும் இயந்திரமும் கையில் இருக்கிறது என்ற தைரியம்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. பணிமனை ஆள் ஒருவன் கோலுக்கு நேராகப் பந்தை ஓங்கி உதைத்தான். குறுக்கே பாய்ந்தார் சலவைக்கூடத்துத் தடுப்பாட்டக்காரர். அவரை எல்லாரும் இஸ்திரிக்காரர் என்பார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய இயந்திரத்தில் அவருக்கு வேலை. அதிகம் பேசாத ஆள். இயந்திரச் சத்தத்தில் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று பேசுவதையே விட்டுவிட்டாரோ என்னவோ. பந்து அவர் மேல் பட்டுத் தெறித்தது. பணிமனை அணி மொத்தமும் "கை! கை!" என்று கத்தியது. தீர்ப்பின் விசில் ஊதிவிட்டது. பெனால்டி.

இஸ்திரிக்காரர் நேராக நடந்து வந்து, நடுவர் முன்னால் நின்று, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துக் காட்டினார். கை இரண்டும் சுத்தம். வெள்ளைச் சட்டையின் நெஞ்சில், பொத்தானுக்குப் பக்கத்தில், பந்து அளவுக்கு வட்டமாக ஒரு சேற்று முத்திரை. அப்போதுதான் குத்தினது போல ஈரமாக இருந்தது.

தீர்ப்பு அதைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். ஆட்டத்தின் விதியிலேயே இதற்கு இடம் உண்டு. பந்தை மறுபடி உதைக்கும் வரைக்கும் நடுவர் தன் முடிவை மாற்றிக்கொள்ளலாம். அவருக்குத் தெரியாத விதியா? மாற்றிவிடலாம் என்று கை பாதி உயரவும் செய்தது.

அந்த நேரம் பார்த்தா மைத்துனன் வாயைத் திறக்க வேண்டும்! "அத்தான்! கண்ணாடி வீட்டுல இருக்கா, அடகுல இருக்கா? அக்காகிட்ட சொல்றேன் இருங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இரண்டு அணிக்காரர்களும் சிரித்தார்கள். குடை பிடித்து நின்ற சபைப் போதகர் கூடச் சிரித்துவிட்டு, இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். தீர்ப்பின் காது சூடாகிவிட்டது. பாதி உயர்ந்த கை அப்படியே திரும்பி, பெனால்டிப் புள்ளியைக் காட்டியது.

பணிமனை அணித் தலைவர் பந்தை வைத்து அடித்தார். கோல். கோப்பை அவர்களுக்கு.

வீட்டுக்கு வந்து, சேறு படிந்த காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்: "கையில பட்டுச்சாங்க?"

"விசில் அடிச்சாச்சு."

"நான் விசிலைக் கேக்கல. கையைக் கேட்டேன்."

"உன் தம்பிக்குப் பரிஞ்சு பேசுறியா?"

"அவன் வாய்க்கு நான் என்னைக்குப் பரிஞ்சிருக்கேன்? மைதானத்துல அந்த இஸ்திரிக்காரர் முகத்தைப் பார்த்தேன், அதான் கேட்டேன்." அதோடு அவள் விட்டுவிட்டாள். விட்டுவிட்டதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பார்.

தோற்ற அணிக்கு யாராவது ஒரு ஆள் வேண்டும் அல்லவா, பழியைத் தூக்கிப் போட? இஸ்திரிக்காரருக்கு "கைக்காரர்" என்று புதுப்பெயர் வந்தது. சலவைக்கூடத்தில் காலையில் வருகிறவர்கள் எல்லாம் வேண்டுமென்றே அவரிடம் கை குலுக்கினார்கள். வார்டிலிருந்து துணிமூட்டை தள்ளி வருகிற ஆள், "கை பத்திரம், மெஷின்ல விட்டுடப் போறீங்க" என்றான். யாரோ அந்த ஆட்டத்தை மொபைலில் படம் பிடித்திருந்தான். அதில் பந்தும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை. பிடித்தவனுடைய கட்டைவிரல் மட்டும் வெகு தெளிவாகத் தெரிந்தது. இஸ்திரிக்காரர் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் இயந்திரத்துக்குப் பின்னால் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். இதெல்லாம் மைத்துனன் அக்காளிடம் சொல்லி, அக்காள் கணவரிடம் சொன்னது.

இந்த நிலையில்தான் தீர்ப்பின் முறை வந்தது. சபையில் அந்த ஞாயிறு அவர் செய்தி. போதகர் கொடுத்திருந்த பொருள் நியாயத்தீர்ப்பும் மனந்திரும்புதலும். வேறு நாளாக இருந்தால் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி இருந்திருக்கும்.

ஆரம்பம் என்னவோ பிரமாதம். மேசையைத் தட்டினார். விரலை நீட்டினார். "யாரும் பார்க்கலன்னு நினைச்சுச் செஞ்சது அந்த நாள்ல வெளிச்சத்துக்கு வரும்! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சவன் அன்னைக்கு இலையைத் தூக்கிக் காட்டித்தான் ஆகணும்! தெரிஞ்சே செஞ்சவன்..." என்று சொல்லிக்கொண்டே கடைசி வரிசைக்குப் பார்வையைக் கொண்டு போனார். அங்கே இஸ்திரிக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எப்போதும் வருகிறவள். அவர் எப்போதாவது வருவார். நன்றாகத் தேய்த்த வெள்ளைச் சட்டை. நெஞ்சில் ஒரு கறையும் இல்லை. ஆனால் தீர்ப்புக்கு அங்கே அந்த வட்டம் தெரிந்தது.

"தெரிஞ்சே செஞ்சவன்..." என்று இன்னொரு முறை சொன்னார். வாக்கியத்துக்கு முடிவு கிடைக்கவில்லை. தண்ணீர் குடித்தார். பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். "சரி, ஜெபம் பண்ணுவோம்" என்று முடித்துவிட்டார். சபைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வாசலில் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு ரொம்ப அருமை", "இந்த மாதிரியே எப்பவும் பேசுங்க" என்றார்கள். நெடுங்காலமாகச் செய்தி கொடுத்தவருக்குக் கிடைத்த முதல் மனமார்ந்த பாராட்டு, பேசாமல் விட்டதற்கு.

கடைசியாக இஸ்திரிக்காரர் வந்தார். குத்திக் காட்ட வந்த முகமாகத் தெரியவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நீங்க அந்த நாளைச் சொன்னா எல்லாரும் பயப்படுறாங்க சார். எனக்குப் பயமா இல்ல. சீக்கிரம் வந்தா நல்லதுன்னு இருக்கு."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"அன்னைக்காவது பந்து நெஞ்சுலதான் பட்டுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும் இல்ல?"

சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மனைவியோடு போய்விட்டார்.

தீர்ப்பு வாசலிலேயே நின்றார். இத்தனை வருடம் அந்த நாளைப் பற்றிப் பேசியிருக்கிறார். இடி, நெருப்பு, நடுக்கம் எல்லாம் சொல்லியிருக்கிறார். அந்த நாளுக்காக ஒருவன் ஆசையோடு காத்திருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றினதே இல்லை. பொய்ப்பழி சுமந்தவனுக்கு அது விடிகிற நாள். சரி, விடிகிற நாளில் தான் எந்தப் பக்கம் நிற்பது? அதை நினைத்தபோதுதான் அவருக்கே பயம் வந்தது. லிஃப்ட் திடீரென்று இறங்கினால் வருமே, அந்த மாதிரி.

முதலில் அவர் சுலபமான வழியைத்தான் தேடினார். யார்தான் தேடமாட்டார்கள்? திங்கட்கிழமை ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குள் எண்ணெய் படிந்த தரையில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, நான் தெரிஞ்சேதான் செஞ்சேன்" என்று கண்ணீர் விட்டு ஜெபித்தார். எழுந்தபோது கொஞ்சம் லேசாக இருந்தது. கால்சட்டை முட்டியில் எண்ணெய்க் கறை. சாயங்காலம் நேராகப் போதகர் வீட்டுக்குப் போனார்.

போதகர் வயதில் அவரைவிட மிகவும் இளையவர். சபைக்கு வருவதற்கு முன்னால் பந்து விளையாடினவர். தீர்ப்பிடமே ஒருமுறை மஞ்சள் அட்டை வாங்கியிருக்கிறார். அதை இரண்டு பேரும் மறக்கவில்லை, பேசிக்கொண்டதும் இல்லை. அன்றைக்குத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், நடந்தது முழுவதையும் கிளிப்பை வாயில் கடித்தபடியே கேட்டார்.

"கடவுள்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் ஐயா" என்று முடித்தார் தீர்ப்பு.

போதகர் கிளிப்பை எடுத்தார். "ரொம்ப நல்லது. அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதவங்ககிட்ட எப்போ சொல்லப் போறீங்க?"

"மன்னிச்சிருப்பார்தானே?"

"அவர் மன்னிச்சிடுவார் அண்ணே. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நீங்க இங்க வந்து அவர் மன்னிப்பை வாங்கி வெச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கீங்க. அங்க ஒருத்தர் மெஷினுக்குப் பின்னாடி உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். மனந்திரும்புறதுன்னா திரும்பணும். மனசு மட்டும் திரும்பினா போதுமா? காலும் கூடத் திரும்ப வேண்டாமா?"

தீர்ப்பு வாளியிலிருந்த ஈரத்துணியை எடுத்துக் கொடுத்தார். போதகர் உதறிப் போட்டார்.

அடுத்த நாள் தீர்ப்பு வேலைக்கு நடுவில் சலவைக்கூடத்துக்குப் போனார். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், தாழ்ந்த கூரை போட்ட நீளக் கூடம். கதவைத் திறந்ததும் நீராவி முகத்தில் அடித்தது. ஒரு பக்கம் ஆள் உயர இயந்திரங்கள் வயிறு குலுங்கச் சுற்றிக்கொண்டிருந்தன. இன்னொரு பக்கம் சூடான உருளைகளுக்கு நடுவே ஈரமாக நுழைந்த விரிப்பு, அந்தப் பக்கம் காய்ந்து வெளியே வந்தது. இரண்டு பெண்கள் அதை முனை பிடித்து மடித்து அடுக்கினார்கள். உருளைக்கு முன்னால் இஸ்திரிக்காரர். மைத்துனன் தூரத்தில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் கத்தாமல் எதுவும் நடக்காது போலிருக்கிறது.

தீர்ப்பு பக்கத்தில் போய், "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றார்.

"என்ன சார்?"

"அன்னைக்கு மேட்ச்ல தப்பு என்னோடது!"

"கேக்கல சார்!"

"தப்பு என்மேலன்னேன்!"

"எது மேல?" இஸ்திரிக்காரர் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக் குனிந்தார். தீர்ப்பு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினார்.

நேரம் என்றால் நேரம், அதே நொடியில் இடைவேளை மணி அடித்து, இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக நின்றன.

"உங்க கையில படல! எனக்குத் தெரியும்! தெரிஞ்சேதான் கொடுத்தேன்!"

கூடம் முழுக்க அது எதிரொலித்தது. விரிப்பு மடித்த பெண்கள் அப்படியே நின்றார்கள். துணிமூட்டை தள்ளுகிற ஆள் வண்டியைக் கைவிட்டான். அது தானாக உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. மைத்துனன் திறந்த வாயை மூடாமல் நின்றான். சத்தம் மட்டும் வரவில்லை. அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

தீர்ப்பு இப்போது கத்தத் தேவையில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "உங்க சட்டையில இருந்த சேத்தைப் பார்த்தேன். மாத்த நினைச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. என் ரோஷத்துக்காக உங்களை மாட்டிவிட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

இந்த இடத்தில் இஸ்திரிக்காரர் கட்டிப்பிடித்துக்கொண்டார் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவர் முகம் முதலில் வெளுத்து, அப்புறம் சிவந்தது.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"நீங்க பார்க்கலன்னுதான் இத்தனை நாளும் நினைச்சுக்கிட்டு இருந்தேன் சார். மழை, கூட்டம், மனுஷன் கண்ணு தப்பாப் பார்த்திருக்கும்னு என் பொண்டாட்டிகிட்ட உங்களுக்காகப் பேசினேன். பார்த்துட்டேதான் கொடுத்தீங்களா?"

தீர்ப்பு ஆமென்று தலையை ஆட்டினார்.

"போங்க சார். எனக்கு வேலை கிடக்கு."

வேலை ஒன்றும் கிடக்கவில்லை. இடைவேளை. ஆனாலும் அவர் நின்றுபோன உருளைக்கு முன்னால் திரும்பி நின்றுகொண்டார். தீர்ப்பு வெளியே வந்தார். பாவத்தை அறிக்கையிட்டால் பாரம் இறங்கும் என்று எத்தனை முறை பிரசங்கம் பண்ணியிருப்பார்! இறங்கவில்லை. இன்னொரு மூட்டை ஏறிக்கொண்டது. மைத்துனன் பின்னாலேயே ஓடி வந்து, "அத்தான்..." என்றான். அப்புறம் என்ன சொல்வதென்று தெரியாமல், "வண்டில வந்தீங்களா?" என்று கேட்டான்.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "அவர் கோபப்படட்டும். கோபப்பட அவருக்கு உரிமை இருக்கு. நீங்க உங்க வேலையை முடிச்சிட்டீங்களா?" என்றாள்.

"சொல்லிட்டேனே."

"சலவைக்கூடத்துல சொன்னீங்க. ஊரு மொத்தமும் மைதானத்துல இல்ல பார்த்துச்சு?"

மறுநாள் கால்பந்துச் சங்கத்தின் அலுவலகத்துக்குப் போனார், ஒரு சைக்கிள் கடைக்கு மேல் ஒற்றை அறை. செயலாளர் காப்பீட்டு முகவர். சமாதானப்படுத்துவதில் மன்னர். "விடுங்க. கோப்பையை அவங்க கண்ணாடி அலமாரில வெச்சுப் பூட்டிட்டாங்க. இப்பப் போய்க் கிளறினா யாருக்கு லாபம்? மத்த ரெஃப்ரிங்க கதி என்ன? நாளைக்கு ஒவ்வொருத்தனும் பழைய மேட்சைத் தோண்டி எடுத்துட்டு வருவான்."

"ஆட்டத்தை மாத்தச் சொல்லல சார். அந்த மனுஷன் பேரைத் துடைக்கணும். அவ்வளவுதான்."

"தெரிஞ்சே செஞ்சேன்னு நீங்க வெளியில சொன்னா, நான் உங்களை ஒரு சீசனுக்கு உட்கார வைக்கணும். தெரியுமா?"

"தெரியும். அதுதான் நியாயம்."

செயலாளர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். தன் தண்டனைக்குத் தானே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட வந்த ஆளை அவர் காப்பீட்டுத் தொழிலில் கூடப் பார்த்ததில்லை.

அடுத்த சீசன் தொடக்க நாள். கூட்டம் நன்றாகவே இருந்தது. செயலாளர் வரவேற்றுப் பேசிவிட்டு மைக்கைக் கொடுத்தார். மைக் முதலில் கீச்சிட்டது. சபையில் மணிக்கணக்கில் பேசினவருக்கு, சொல்ல வேண்டியது நாலு வரிதான்.

"போன வருஷம் ஃபைனல்ல நான் கொடுத்த பெனால்டி தப்பு. பந்து கையில படல, நெஞ்சுல பட்டுச்சு. விசில் அடிச்சதும் அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் மாத்தல. அந்தத் தப்பைச் செஞ்சவன் நான். இஸ்திரிக்காரர் செய்யல."

ஒரு மூலையிலிருந்து "ஊ..." என்று கிளம்பி, மைதானம் முழுக்கப் பரவியது. பணிமனை அணித் தலைவரான பஸ் ஓட்டுநர் எழுந்து நின்று, "அப்போ எங்க கோப்பை ஓசியா?" என்று கத்தினார்.

"நீங்க அடிச்சது நல்ல கோல்தான். நான் கொடுத்ததுதான் தப்பு."

"மனந்திரும்பு! பரலோகம் வந்துடுச்சு!" என்று எவனோ பின்னாலிருந்து குரல் கொடுத்தான். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. தீர்ப்பின் காது மறுபடியும் சூடானது. போன வருடம் இதே சிரிப்புக்குத்தான் அவர் கை திரும்பியது. இந்த முறை சிரிப்பு அடங்கும் வரைக்கும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "திரும்பிட்டுத்தான் இருக்கேன் தம்பி. சொன்னதுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அப்போது சிரித்தது கொஞ்சம் வேறு மாதிரிச் சிரிப்பு.

கீழே சலவைக்கூட அணி வரிசையில் நின்றது. இஸ்திரிக்காரரும் அணிச் சட்டை போட்டு வந்திருந்தார். மைத்துனன் எப்படியோ இழுத்து வந்திருந்தான். கூட ஆடுகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் நெஞ்சில் செல்லமாக ஒரு குத்து விட்டுப் போனார்கள். மன்னிப்பு என்று வாயால் கேட்க வராத ஆட்கள். துணிமூட்டைக்காரன் மட்டும் குத்திவிட்டு, அழுவது தெரியாமல் இருக்க பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தான்.

இஸ்திரிக்காரர் தீர்ப்பிடம் வந்தார். "இன்னும் கோபம் இருக்கு சார்."

"இருக்கட்டும்."

"பாதி போயிடுச்சு. மீதி எப்பப் போகும்னு தெரியல." கையை நீட்டினார். "இந்தாங்க. இந்தக் கை ஒண்ணும் பண்ணல."

தீர்ப்பு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அந்த சீசன் முழுக்க அவர் மனைவியோடு பார்வையாளர் வரிசையில்தான். வெளியே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, அங்கிருந்து எல்லாருக்கும் எல்லாமே தெளிவாகத் தெரியும் என்பது. ஒரு நாள் தன்னை மறந்து எழுந்து, "யோவ் ரெஃப்ரி! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்திவிட்டார். மனைவி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அவர் உட்கார்ந்து, வெகு நேரம் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சபையில் இன்றும் அவர் நியாயத்தீர்ப்பு பற்றித்தான் பேசுகிறார். அதை விடுவதாக இல்லை. விடக் கூடாது என்றும் சொல்லுகிறார், அதற்காகக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று. ஆனால் இப்போது விரல் முன்னால் நீளுவதில்லை. "நமக்கு" என்றுதான் பேசுகிறார், "உங்களுக்கு" என்று இல்லை. நேரமும் குறைந்திருக்கிறது. அதற்காகவே சில குடும்பங்கள் அவர் வாரத்தைப் பார்த்து வருகின்றன.

இதில் யாரும் எதிர்பாராதது ஒன்று நடந்தது. இஸ்திரிக்காரர் முட்டி வலி என்று ஆட்டத்தை விட்டுவிட்டு, நடுவர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "தப்பு விசில் எங்க போய் வலிக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார். இப்போது அவர் கொடி பிடிக்கும் கோட்டு நடுவர். தீர்ப்பு விசில் அடிக்கிற ஆட்டங்களில் பெரும்பாலும் அவர்தான். முதல் ஆட்டத்திலேயே தீர்ப்பு கொடுத்த ஒரு கோலுக்கு, அடித்தவன் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நின்றான், ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கிவிட்டார். மைதானம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. தீர்ப்பு ஓடிப் போய்க் கேட்டார், தலையை ஆட்டினார், கோல் இல்லை என்று கையைக் காட்டினார்.

ஆட்டம் முடிந்து இருவரும் ஒரே ஸ்கூட்டரில் திரும்பினார்கள். ஓட்டுவது இஸ்திரிக்காரர், பின்னால் தீர்ப்பு, மடியில் கொடியும் பந்தும்.

"அண்ணே, அவன் ஒரு அடி முன்னாடி இருந்தான்."

"அரை அடி."

"ஒரு அடி."

"அரை அடிதான்யா. மாத்திட்டேன், சரி. அதுக்காக ஒரு அடின்னு எல்லாம் ஒத்துக்க முடியாது."

சிக்னலில் பச்சை விழுந்து, பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இருவரும் கவனிக்கவில்லை.